கொக்கியின் வாய் மூடியிருக்கிறதா?

கம்பம் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 38. ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு, விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தில் இருக்கும் வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் நிழல் மரங்களில் கிளை கழிக்கும் காண்ட்ராக்ட் எடுக்கிறார். மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் மே மாதத்தில் வேலை கழுத்தை நெரிக்கும். போன வருடம் ஆட்களில் ஒருவர் பலா மரத்தில் இருபதடி உயரத்திலிருந்து சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "ஏலச்செடி மெத்தை மாதிரி தாங்கிருச்சு, இல்லேன்னா" என்று எழுதி, அந்த வரியை அப்படியே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு தோட்ட முதலாளி, பெல்ட் இல்லாமல் ஆட்களைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நண்பர் தேனியில் ஒரு ஹார்டுவேர் கடையில் உடல் முழுக்க மாட்டும் பெல்ட் நான்கு வாங்கியிருக்கிறார். ஆன்லைனில் கலர் கலராக அலுமினியக் காரபைனர்கள், அதாவது பெல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும், வாய் திறந்து மூடும் கொக்கிகள், பத்து சேர்ந்து 1,500 ரூபாய் என்று பார்த்து, மாதிரிக்கு இரண்டு மட்டும் வரவழைத்திருக்கிறார். அதில் '25 கே.என்.' என்று அச்சிட்டிருக்கிறது. அவர் கேட்பது இவ்வளவுதான்: இந்தக் கொக்கி போதுமா, இரும்பில் வாங்க வேண்டுமா? பழைய ஆட்கள் 'இதெல்லாம் கைக்கு இடைஞ்சல்' என்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? நானே பொருள் வாங்கிக் கொடுத்து ஏதாவது நடந்துவிட்டால் கேஸ் என் தலையில் விழுமா? ஆறு பேரில் ஒருவன் அக்கா மகன், வயது 22 என்று ஓரத்தில் தனியாக எழுதியிருக்கிறார். கடிதத்தின் காரணமே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நண்பரே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மரம் ஏறிப் பிழைத்தவன் இல்லை. காற்றாலைக் கோபுரங்களில் ஏறி, பிறகு ஏறுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் காலம் ஓட்டியவன். பெல்ட்டும் கயிறும் கொக்கியும் இரண்டு வேலைக்கும் பொது. மரம் மட்டும் வேறு. கோபுரத்தில் நான் பிடிக்கிற கம்பி முறியுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை, உங்கள் ஆட்கள் ஒவ்வொரு கிளையிலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வித்தையை அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கொக்கியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

62 கிலோ கணக்கு

'25 கே.என். என்றால் 2,500 கிலோ, எங்கள் ஆள் 62 கிலோ, நாற்பது பேர் தொங்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டல் கழித்தல் சரிதான். ஒரு கே.என்., அதாவது கிலோநியூட்டன், என்பது ஏறக்குறைய நூறு கிலோ கனத்தின் இழுப்பு. ஆனால் அந்தக் கணக்கு தொங்குகிற ஆளுக்கு. விழுகிற ஆளுக்குக் கணக்கு வேறு.

ஒரு தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். அதே தேங்காய் மரத்திலிருந்து விழுந்தால் கை நீட்டுவீர்களா? உங்கள் ஆள் ஒன்றரை மீட்டர், அதாவது ஓர் ஐந்தடி விழுந்து, நீளாத கயிறு ஒன்று அவரைப் பத்து சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்துகிறது என்று வையுங்கள். அப்போது கொக்கியில் விழும் இழுப்பு அவர் எடையைப் போலப் பதினாறு மடங்கு, கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ. ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றால் முப்பத்தொரு மடங்கு. 62 கிலோ ஆள் 1,900 கிலோவாகிவிடுகிறார்.

அப்படியும் 2,500-க்குள்தானே இருக்கிறது என்பீர்கள். நல்ல காரபைனர் எதையாவது கையில் எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். ஒரு எண் இருக்காது, மூன்று இருக்கும். நீளவாக்கில் வாய் மூடியபடி இழுத்தால் 22, 25 என்று பெரிய எண். குறுக்குவாட்டில் இழுத்தால் 7 அல்லது 8. வாய் திறந்த நிலையில் இழுத்தால் அதுவும் ஏறக்குறைய அதே 7. வாய் சரியாக மூடாமலோ, கொக்கி திரும்பிக் குறுக்கே நின்றோ இருந்தால், நான் மேலே சொன்ன ஆயிரம் கிலோவிலேயே அது விட்டுவிடலாம். உங்கள் மாதிரிக் கொக்கியில் ஒரே எண்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே போதுமான பதில்.

கொக்கி தாங்கினாலும் உடம்பு தாங்க வேண்டுமே. விழுகிற ஆளின் உடம்பில் 6 கிலோநியூட்டனுக்கு மேல் இழுப்பு ஏறக்கூடாது என்பதுதான் ஐரோப்பியத் தரத்தின் வரம்பு. அதனால் மரத்தில் நம் நோக்கம், விழுந்தபின் பிடிப்பது இல்லை. விழவே இடம் கொடுக்காமல் இருப்பது. கயிறு எப்போதும் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும், தொய்வில்லாமல் இருக்க வேண்டும். சறுக்கினால் ஒரு சாண் இறங்கி நிற்க வேண்டும், ஐந்தடி இறங்கக் கூடாது.

வாய்தான் விஷயம்

ஆன்லைனில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் உலோகத்தின் பருமனைப் பார்க்கிறார்கள். முருங்கை பருத்தாலும் தூணாகாது. நீங்கள் பார்க்க வேண்டியது வாய் எப்படி மூடுகிறது, எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதை.

சும்மா ஸ்பிரிங் வைத்து, தள்ளினால் திறக்கிற கொக்கி ஆள் தொங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கிளை ஒன்று உரசினாலே திறக்கும். அடுத்தது திருகு போட்டு மூடுவது. பாறை ஏறுகிறவர்கள் இதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள், ஆனால் திருகுவதற்கு ஆளுக்கு ஞாபகம் வேண்டும். அப்புறம் அதிர்ச்சியிலும் கயிற்றின் உரசலிலும் திருகு தானாகக் கழன்று வரும். முப்பந்தலில் ஒரு கோபுரத்தில் நான் காலையில் திருகி மூடிய கொக்கி, மத்தியானம் இறங்கும்போது முக்கால்வாசி திறந்திருந்தது. கூட இருந்த பையன் பார்த்துச் சொன்னான். அன்று சாப்பாடு இறங்கவில்லை. கொக்கி செய்த நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, மூடியதும் நான், மறுபடி பார்க்காததும் நான்.

மூன்றாவது, விட்டவுடன் தானே மூடித் தானே பூட்டிக்கொள்வது. இதிலும் இரண்டு ரகம். ஒரு திருப்பில் திறப்பது ஒன்று. கயிறு அதன் மேல் உருண்டால் அந்த ஒரு திருப்பைக் கயிறே செய்துவிடும். மேலே தள்ளி, திருப்பி, பிறகு உள்ளே அழுத்தினால்தான் திறக்கும் என்பது இன்னொன்று. கடைக்காரர்கள் இதை 'டிரிபிள் லாக்' என்பார்கள். மரம் ஏறும் தொழிலுக்கு இதுதான். அமெரிக்காவில் மர வேலைக்கென்று இருக்கும் 'ஏ.என்.எஸ்.ஐ. இசட்133' என்ற பாதுகாப்புத் தரம், ஏறுகிறவரின் காரபைனர் தானே மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும், திறக்க வேண்டுமென்றே செய்யும் இரண்டு செயலாவது தேவைப்பட வேண்டும், 5,000 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. 5,000 பவுண்டு என்றால் 22 கிலோநியூட்டனுக்குக் கொஞ்சம் மேல்.

இது கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ஆனால் உங்கள் மரத்தை நினைத்துப் பாருங்கள். பலாவில் முசுறு எறும்புக் கூடு கலைந்து கழுத்தில் இறங்கும்போது, எந்த மனிதன் திருகு மூடியிருக்கிறதா என்று பார்ப்பான்? கதண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் நம்மைக் கேட்காமல் தானே பூட்டிக்கொள்கிற கொக்கிதான் வேண்டும்.

முத்திரையும் போலியும்

காரபைனரில் இரண்டு ஐரோப்பியத் தர எண்களைப் பார்ப்பீர்கள். 'இ.என். 12275' மலையேற்றத்துக்கு. 'இ.என். 362' உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. உங்களுக்கு 362 இருப்பது வேண்டும், இரண்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 'சி.இ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்க வேண்டும், உற்பத்தியைக் கண்காணிக்கும் அமைப்பின் எண் அது. வெறும் 'சி.இ.' மட்டும் இருந்தால் அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தனி வரிசை எண், கூடவே ஒரு குறிப்புத் தாள், இரண்டும் இருக்க வேண்டும். பெல்ட்டுக்கு நம் ஊர்த் தரம் ஐ.எஸ். 3521. நீங்கள் வாங்கிய நான்கிலும் அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தைத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

முத்திரை இருந்தாலும் போலியாக இருக்கலாம் என்பதுதான் தொல்லை. பெட்ஸல் என்ற பிரெஞ்சு நிறுவனம், தன் காரபைனர் உள்படச் சில பொருள்களை அச்சு அசலாகப் போலி செய்து விற்கிறார்கள் என்று 2011-லேயே எச்சரிக்கை விட்டது. அதனால் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். நல்ல டிரிபிள் லாக் ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் என்று போகும். பத்து சேர்ந்து 1,500 என்றால் அது சாவிக்கொத்துக் கணக்கு.

அலுமினியமா இரும்பா என்ற கேள்விக்கு நீங்கள் அரைப் பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். அவ்வளவு தேவையில்லை. விமானத்துக்குப் போகும் வகை அலுமினியக் கலவையில் அடித்துச் செய்த காரபைனர் பலத்தில் குறைந்ததில்லை, எடையில் பாதிக்கும் குறைவு. நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிறவருக்கு அதுதான் நல்லது. ஒரே விதிவிலக்கு: இரும்புக் கம்பியோ இரும்பு வளையமோ உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில் அலுமினியம் தேயும், அங்கே இரும்புக் கொக்கி போடுங்கள். வடிவத்தில், இடுப்பு வளையத்தில் மாட்டுவதற்கு ஆங்கில 'டி' போன்றது. இழுப்பு முதுகுப் பக்கமே விழுவதால் பலம் அதிகம். கப்பியோ கயிற்று முடிச்சோ நடுவில் நிற்க வேண்டிய இடத்துக்கு முட்டை வடிவம்.

நீங்கள் கேட்காத ஒன்று

பெல்ட்டோடு வந்த லேன்யார்டின், அதாவது பெல்ட்டிலிருந்து நீளும் இணைப்புக் கயிற்றின், நுனியில் பெரிய வாயுள்ள கொக்கி இருக்கிறது, அதைக் கிளையில் மாட்டிக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காரபைனரைவிட எனக்கு இதுதான் கவலை. அந்தக் கொக்கி சாரத்துக் குழாய்க்குச் செய்தது. கவட்டையில் மாட்டினால் இழுப்பு வாயின் மேல் விழும், அல்லது கொக்கி கிளையின் மேல் வளைந்து நெம்பும். இரண்டுமே அதற்குத் தெரியாத வேலை.

இன்னொன்று, அந்த லேன்யார்டில் மடித்துத் தைத்த ஒரு பொட்டலம் இருக்குமே, அது விழும்போது கிழிந்து நீண்டு அதிர்ச்சியைக் குறைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் கணக்குப் போடுங்கள். லேன்யார்டு 2 மீட்டர், பொட்டலம் நீள்வது 1.75 மீட்டர் வரை, மாட்டும் வளையத்திலிருந்து கால் வரை 1.5 மீட்டர், மிச்சத்துக்கு 1 மீட்டர். கட்டிய இடத்துக்குக் கீழே இருபதடிக்கு மேல் வெற்றிடம் வேண்டும். உங்கள் மரத்தடியில் ஏலச்செடியே எட்டடி நிற்கிறது, நடுவில் கிளைகள் வேறு. காங்கிரீட் கட்டடத்தில் உயிர் காக்கும் பொருள் பலா மரத்தில் ஆளைக் கிளைகளில் அடித்துக்கொண்டே இறக்கும்.

மரத்துக்கு வேண்டியது வேறு. தண்டைச் சுற்றி வந்து இடுப்பின் இரண்டு பக்க வளையங்களிலும் மாட்டும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கயிறு இரண்டு. கிளை குறுக்கே வரும்போது ஒன்றை மேலே மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும், எந்த நொடியிலும் ஒன்றாவது மாட்டியிருக்கும். இதோடு, தலைக்கு மேல் பலமான கவட்டையில் போட்டு வரும் ஏறுகயிறு ஒன்று. வெட்டும் நேரத்தில் இரண்டு பிடி கட்டாயம், ஏனென்றால் அருவாள் கிளைக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் பார்க்காது. இரண்டு இடுப்புக் கயிறுகளில் ஒன்று உள்ளே இரும்புக் கம்பி ஓடுவதாக இருக்கட்டும். ஹார்டுவேர் கடை நீலப் பிளாஸ்டிக் கயிறு சுமை கட்டத்தான். உரசல் சூட்டில் உருகும், வெயிலில் உளுக்கும். ஆளுக்கு 11 மில்லிமீட்டருக்குக் குறையாத, உள்ளே நூல் கற்றையும் மேலே உறையுமாகப் பின்னிய நைலான் கயிறுதான்.

முன்னால் முருங்கை என்று சொன்னேனே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. கல்யாண முருங்கையிலும் சில்வர் ஓக்கின் பக்கக் கிளைகளிலும் ஏறுகயிற்றைப் போடாதீர்கள், தண்டைச் சுற்றியே போடுங்கள். உங்கள் ஆட்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

பழைய ஆட்களும் பலாப் பாலும்

முப்பது வருடம் கையால் பிடித்து ஏறியவரிடம் போய் 'உனக்கு ஏறத் தெரியாது' என்கிற மாதிரி பெல்ட்டை நீட்டினால் அவர் எரிச்சல்படத்தான் செய்வார். அவர் சொல்லும் இடைஞ்சலும் உண்மை. முதல் பத்து நாளைக்கு வேலை பாதியாகக் குறையும். அதை மே மாதத்தில் ஆரம்பித்தால் முதலாளியும் நீங்களும் சேர்ந்து பெல்ட்டைக் கழற்றச் சொல்வீர்கள். மார்ச்சிலேயே, உங்கள் வீட்டுப் பக்கத்து வேப்ப மரத்தில், பத்தடிக்கு மேல் போகாமல், கூலி கொடுத்துப் பழக்குங்கள். அந்தப் பெரியவரையே கொண்டு உங்கள் அக்கா பையனுக்குக் கிளை பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பையன் அவருக்குக் கொக்கி மாட்டிக் காட்டட்டும்.

தரையில் நிற்கும் ஆளும் ஏறத் தெரிந்தவராக இருக்கட்டும், அவருக்கும் ஒரு பெல்ட் கீழே தயாராக இருக்கட்டும். மயங்கி, அசைவில்லாமல் பெல்ட்டில் தொங்குகிறவருக்குக் காலில் ரத்தம் தேங்கி நிமிடக் கணக்கிலேயே உயிருக்கு ஆபத்து வரும். 108 இரண்டு மாநிலத்திலும் வரும்தான், ஆனால் தோட்டத்துப் பாதையில் அது வந்து சேரும்வரை அவரைத் தொங்கவிட முடியாது.

பராமரிப்பில் உங்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு: பலாப் பால். பூட்டும் குழலுக்குள் பிசின் இறங்கிவிட்டால் டிரிபிள் லாக்கும் பாதியில் நின்றுவிடும், பார்த்தால் மூடியது போலவே தெரியும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். எண்ணெய் கயிற்றில் படக்கூடாது. வண்டி ஆயில் வேண்டாம், தூசியை இழுக்கும். தினமும் ஏறுமுன் ஒவ்வொரு கொக்கியையும் திறந்து விட்டுப் பாருங்கள். தானாக மூடி 'டக்' என்று பூட்ட வேண்டும். மூடவில்லை, வாய் கோணல், வளைவு, கயிறு ஓடி ஓடி விழுந்த பள்ளம், இதில் எது தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். பெரிய விழுதலைத் தாங்கியது பார்க்க நன்றாக இருந்தாலும் ஒதுக்குங்கள்.

கேஸ் பயம்

நான் வக்கீல் இல்லை, உத்தமபாளையத்தில் ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள். ஆனால் நீங்கள் நினைப்பது தலைகீழ் என்பது வரை எனக்குத் தெரியும். பொறுப்பு, பெல்ட் வாங்கிக் கொடுத்ததால் வருவதில்லை. ஆளைக் கூலிக்கு ஜீப்பில் ஏற்றியபோதே வந்துவிட்டது. 1923-ன் இழப்பீட்டுச் சட்டம் அப்படித்தான் வகுத்தது, 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த வழியில்தான் போகிறது. இழப்பீட்டைத் தோட்ட முதலாளியிடமே கேட்க முடியும், அவர் அதை உங்களிடமிருந்து வசூலிக்க முடியும். 'என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்' என்று எழுதி வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் தாள் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. அதற்குப் பதில் யாருக்கு எந்தக் கொக்கி, வரிசை எண் என்ன, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், எத்தனை நாள் பழக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்படியே ஆறு பேரின் வங்கிக் கணக்கிலும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் மரணமோ முழு ஊனமோ என்றால் 2 லட்சம். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா இருக்கிறது, நிழல் மரம் ஏறுகிறவர்களுக்கு அது கிடையாது.

பணக் கணக்குக்கு வருகிறேன். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் மட்டமாக வாங்குவதைவிட, இந்த வருடம் மூன்று பேருக்கு முழுசாக வாங்குங்கள். ஆளுக்கு நான்கு டிரிபிள் லாக், இரண்டு இடுப்புக் கயிறு, ஒரு ஏறுகயிறு. அந்த மூவர் மட்டும் மேலே போகட்டும், மற்றவர்கள் கீழே கிளை இழுக்கட்டும், மாறி மாறி. பெல்ட்டிலும் இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் இல்லையென்றால் அது இந்த வேலைக்கு உதவாது. கடைக்காரரிடம் மாற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மாதிரிக்கு வந்த அந்த இரண்டு கலர்க் கொக்கிகளையும் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீர் பாட்டில் மாட்ட உதவும். ஆனால் முதல் வேலையாக அவற்றில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். அவசரத்தில் அக்கா மகன் கை தவறியும் அதை இடுப்பில் மாட்டிவிடக் கூடாது.